பழைய எண்டோஸ்கோப் லேசரை வாங்கும் முன்

கேள்வி: எங்களுடையது சிறிய கண் மருத்துவமனை. கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) நோயாளிகளுக்காக, இன்னொரு மருத்துவமனை பயன்படுத்திய எண்டோஸ்கோப் லேசரை, அதாவது கண்ணுக்குள் படம் பார்த்தபடியே திசுவை லேசரால் சுடும் கருவியை, வாங்கலாம் என்கிறார் டாக்டர். விற்பவர், "ஆன் செய்து பாருங்கள், நன்றாக ஓடுகிறது" என்கிறார். பணம் கொடுக்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?
– ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பாளர்

பதில்: ஆன் ஆவதை வைத்து இந்தக் கருவியை நம்பிவிடாதீர்கள். இவற்றில் வழக்கமாக இருப்பது 810 நானோமீட்டர் டையோடு லேசர். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற சிவப்புப் புள்ளி குறிபார்ப்பதற்கான ஒளி மட்டுமே. அது பளிச்சென்று விழுந்தாலும், சிகிச்சைக் கதிர் சரியான அளவில் வருகிறது என்று சொல்ல முடியாது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது பவர் மீட்டர் சோதனை. 810 நானோமீட்டருக்குப் பொருந்தும் மீட்டரைக் கொண்டு, பயிற்சி பெற்ற இன்ஜினியர் உங்கள் முன்னிலையில், புரோபின் (கண்ணுக்குள் செலுத்தும் மெல்லிய குழாயின்) நுனியிலேயே அளக்க வேண்டும். திரையில் 250 மில்லிவாட் என்று வைத்தால் நுனியில் எவ்வளவு வருகிறது? சர்வதேச மின்மருத்துவக் கருவித் தரநிலை அனுமதிக்கும் விலகல் 20 சதவீதம். குறைந்த அளவு, நடு அளவு, அதிக அளவு என மூன்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். நுனியில் அழுக்கு படிந்தோ ஃபைபர் (ஒளியைக் கடத்தும் இழை) பழுதாகியோ இருந்தால், லேசர் பட்டதும் வெளுக்க வேண்டிய சிலியரி திசு (கண்ணுக்குள் நீரைச் சுரப்பது) வெளுக்காது. டாக்டர் பவரைக் கூட்டுவார். அடுத்த முறை நல்ல புரோபை மாட்டும்போதும் அதே பவர் இருந்தால், சிலியரி திசு சுருங்குவதற்குப் பதில் வெடிக்கும். கண்ணுக்குள் கடும் அழற்சி வரும். நோயாளி படும் வேதனை அது. இந்த ஒரு சோதனைக்கு விற்பவர் தயங்கினாலே, வாங்க வேண்டாம் என்பேன்.

ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய 20 கேஜ் புரோபில் படம், வெளிச்சம், லேசர் மூன்றும் போகின்றன. படத்தில் கரும்புள்ளிகள் நிறைய இருந்தால் பட ஃபைபர்கள் உடைந்திருக்கலாம். அச்சடித்த எழுத்துகளை நுனிக்கு முன் வைத்து, திரையில் நேராகத் தெரியும்வரை திருப்பிச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்பும் இதைச் செய்தே ஆக வேண்டும். திசை மாறினால் டாக்டரின் கை தவறான பக்கம் போகும். புரோபை எந்த முறையில் கிருமிநீக்கம் செய்யலாம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். விற்பவரின் வாய்வார்த்தை போதாது.

அப்புறம் பாதுகாப்புப் பூட்டுகள். சாவி இல்லாமல் இயங்கக் கூடாது. ஸ்டாண்ட்பையில் மிதியை அழுத்தினால் லேசர் வரக் கூடாது. அவசர நிறுத்த பட்டன் உடனே அணைக்க வேண்டும்.

இந்தியாவில் ஆபத்து அதிகமுள்ளவை என்று பிரிக்கப்பட்ட சி, டி வகை மருத்துவக் கருவிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் உரிமம் கட்டாயம். வெளிநாட்டுக் கருவி என்றால் இறக்குமதி உரிம நகலும் சர்வீஸ் பதிவேடும் கேளுங்கள்.

கேள்வி: விழித்திரைக்கான பச்சை லேசருக்கு வைத்திருக்கும் கண்ணாடியே போதுமா?

பதில்: போதாது. அது 532 நானோமீட்டரைத் தடுக்கும். 810 ஊடுருவிப் போய்விடலாம். கண்ணாடியின் மேல் 810 என்ற எண்ணும், அதற்கான தடுப்புத் திறன் எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். சோதனை நாளன்றே, அறையில் இருக்கும் எல்லோருக்கும் அது வேண்டும்.