கிரியேட்டினின் 1.4 என்றால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டதா?

உங்கள் கேள்வி இது: மார்த்தாண்டத்தில் இருக்கும் 64 வயது அப்பாவுக்கு முழு உடல் பரிசோதனை செய்ததில் கிரியேட்டினின் 1.4, யூரியா 46 என்று வந்திருக்கிறது. இரண்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதால், இனி டயாலிசிஸ்தானா என்று வீட்டில் எல்லோரும் கலங்கியிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். தக்கலைக்கு அருகே ஒரு பள்ளியில் கணக்கு கற்பிக்கிறவன். என் அம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாள்களை ஆறு ஆண்டுகளாகக் கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றையும் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டவன். இந்த எண்களில் டயாலிசிஸ் பேச்சுக்கு இடமே இல்லை. ஆனால் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடக் கூடிய எண்களும் அல்ல.

கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் வேகம் குறைந்தால் அது இரத்தத்தில் தேங்குகிறது. ஆகவே அந்த எண் சிறுநீரகத்தை மட்டும் காட்டுவதில்லை, தசையையும் சேர்த்தே காட்டுகிறது. குலசேகரம் பக்கத்தில் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகும் முப்பது வயது இளைஞருக்கு 1.1 என்று வந்தால், அவருடைய வடிகட்டும் திறன் சுமார் 93. அதே 1.1 எழுபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வந்தால் அது 53தான். இந்த மதிப்பீட்டைத்தான் இ.ஜி.எஃப்.ஆர். என்கிறார்கள்: சிறுநீரகங்கள் நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்திகரிக்கின்றன என்பதைக் கிரியேட்டினின், வயது, பாலினம் ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்கிடுவது. 2021இல் திருத்தப்பட்ட சி.கே.டி.-இ.பி.ஐ. சூத்திரத்தில் நானே போட்டுப் பார்த்த எண்கள் இவை. உங்கள் அப்பாவுக்குப் போட்டால் சுமார் 56 வருகிறது.

அந்த எழுபத்திரண்டு வயதுப் பெண் என் அம்மாதான். மெலிந்த உடம்பு. ஒவ்வோர் ஆண்டும் தாளில் 1.1 என்று வரும், பக்கத்தில் ‘0.6 முதல் 1.2 வரை’ என்று அச்சிட்டிருக்கும். தடித்த எழுத்து இல்லை என்பதால் நாங்களும் பார்க்கவில்லை, பார்த்த மருத்துவரும் ஒன்றும் சொல்லவில்லை. இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட்டுத் தரும் வழக்கம் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் இல்லை. இதற்கிடையில் மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டிக்ளோஃபெனாக் மாத்திரையை அம்மா தானாகவே வாங்கிச் சாப்பிட்டு வந்தார். ஒரு நாள் கால்கள் இரண்டும் வீங்கிய பிறகு சோதித்தால் 1.7. ஏற்கெனவே பாதித் திறனோடு ஓடிக்கொண்டிருந்த சிறுநீரகத்திற்குள் இரத்தம் பாய்வதையே அந்த வலி மாத்திரை குறைத்திருக்கிறது என்று பின்னர்தான் தெரிந்தது. ‘இயல்பு’ என்று அச்சிட்ட எல்லைக்குள் இருந்த எண்தான் எங்களை ஏமாற்றியது. உங்கள் வீட்டிலோ எல்லையைத் தாண்டிய எண் உங்களைத் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறது.

கணக்கு ஆசிரியன் என்பதால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிரியேட்டினினும் வடிகட்டும் திறனும் ஏறக்குறைய எதிர்விகிதத்தில் நகர்பவை. 0.7ஆக இருந்தது 1.4ஆக உயர்ந்தால், பார்வைக்கு அற்பமான அந்த உயர்வில் திறனின் பாதி போயிருக்கும்; 4 என்பது 5 ஆனால், முழுதாக ஒன்று கூடியும் இழப்பு மிகச் சிறியது. ஆகையால் அப்பாவின் பழைய தாள்களைத் தேடி எடுங்கள். ஐந்து ஆண்டுகளாக 1.3, 1.4 என்றே நிற்கிறதா, போன ஆண்டு 0.8ஆக இருந்து இப்போது ஏறியதா என்பது இன்றைய எண்ணைவிட முக்கியம். இ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் சூட்டுகிறார்கள். 45 முதல் 59 வரை அதன் மூன்றாம் நிலையின் முற்பகுதி. ஐந்தாம் நிலை 15க்குக் கீழே. அங்கேகூட டயாலிசிஸை முடிவு செய்வது எண் மட்டும் அன்று, நோயாளியின் உடல்நிலையும்தான்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது சிலவற்றைக் கவனியுங்கள். முந்தின இரவு சூரை மீன் குழம்போ ஆட்டுக்கறியோ வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால், சமைத்த இறைச்சியிலும் மீனிலும் உள்ள கிரியேட்டினினே எண்ணைச் சற்று உயர்த்திவிடும். வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் உயரும். கூடியவரை அதே பரிசோதனைக் கூடத்திலேயே கொடுங்கள். கிரியேட்டினினை அளக்க, 1886இல் யாஃபே என்ற ஜெர்மன் அறிஞர் கண்டறிந்த பிக்ரிக் அமில வினையை இன்றும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள், நொதி முறையில் செய்யும் இடத்து எண்ணோடு அது அச்சாகப் பொருந்தாது. தசை மிகக் குறைந்தவர்களுக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்த்தவர்களுக்கும் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை மருத்துவர் எழுதக்கூடும்.

யூரியாவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்; உடலில் நீர் குறைந்தாலும், புரதம் அதிகம் உண்டாலும், வயிற்றுக்குள் இரத்தக் கசிவு இருந்தாலும் அது ஏறும். என் மாமா ஒருவருக்கு யூரியா 48 இருந்தது. வேறொரு கூடத்தில் பார்த்தபோது 22. யாரோ கொடுத்த கஷாயம் வேலை செய்துவிட்டதென்று ஊரெல்லாம் சொன்னார். இரண்டாவது கூடம் அளந்தது பி.யூ.என்., அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும், அதை 2.14ஆல் பெருக்கினால் ஏறக்குறைய பழைய யூரியாவே திரும்பி வரும்.

கஷாயம் என்றதும் இன்னொன்று. மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்து, நம் வீடுகளில் மீன் குழம்புக்குப் புளிப்பேற்றும் பிலிம்பிக் காயைக் கொழுப்புக் குறையும் என்று சாறு பிழிந்து குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரென்று பழுதானதைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழம்பில் போடுவது வேறு. சாறாகக் குடிப்பது வேறு.

இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது என்பதைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் கிரியேட்டினின் அசையும் முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடலாம். காலையின் முதல் சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். 30க்குக் கீழே இருந்தால் நல்லது, 300க்கு மேல் போனால் தாமதிக்கக் கூடாது. பொட்டாசியத்தையும் கேட்டு வாங்குங்கள். அது 5.5ஐத் தாண்டினால் மருத்துவரைக் கேட்காமல் இளநீரும் ஏத்தம்பழமும் (நேந்திரம்பழம்) கொடுக்காதீர்கள். ஆனால் பரிசோதனைக்கு எடுத்த குழாயில் இரத்த அணுக்கள் உடைந்திருந்தாலும் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், உடனே மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

அப்பா டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதைத் தொடங்கியபின் கிரியேட்டினின் 30 விழுக்காடு வரை உயர்வதை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். எண்ணைக் கண்டு பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை. சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ மூச்சு வாங்கினாலோ மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் சிறுநீரக மருத்துவர் இருக்கும் இடத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள்.

அம்மாவுக்கு டிக்ளோஃபெனாக்கை நிறுத்திய சில வாரங்களில் 1.7 இறங்கி மீண்டும் 1.1 ஆயிற்று. இப்போது வயது 78. கடைசித் தாளில் இ.ஜி.எஃப்.ஆர். 51. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.