இரண்டு கதவுக் காரில் கைக்குழந்தை சீட்: முதலில் ஒரு அட்டைப்பெட்டி தேடுங்கள்

கேள்வி: அண்ணன், நான் களுவாஞ்சிகுடி. என்னிடம் இருப்பது ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்த 2011 ஹொண்டா சிஆர்-இசட். மனைவிக்கு ஏழு மாதம். பிரசவம் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில். லண்டனில் இருக்கிற மச்சான் பேபி சீட் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். ஆனால் இந்தக் காரின் பின்சீட்டில் இதுவரை பை வைத்ததே தவிர ஆளை இருத்தியதில்லை. கராஜில் கேட்டால், “எயார்பேக் பியூஸைக் கழற்றிப்போட்டு முன்சீட்டில வைங்க” என்கிறார்கள். மாமியோ, “என்னத்துக்கு இதெல்லாம், நாங்க மடியில வச்சித்தானே புள்ள வளத்த” என்கிறா. காரை விற்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு விற்க வேண்டாம் தம்பி. பின்சீட்டின் இடது பக்கத்தில், பின்னோக்கிப் பார்க்கும் சிறிய கைக்குழந்தை சீட் ஒன்று பொருந்த வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அதைப் பொருத்திய பிறகு உங்கள் மனைவி எங்கே இருப்பார்?

சிஆர்-இசட்டை ஹொண்டா அமெரிக்காவில் பின்சீட்டே இல்லாமல், இரண்டு பேர் போகும் காராகத்தான் விற்றது. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் பின்னால் இரண்டு இருக்கைகள் கொடுத்தது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே 2,435 மில்லிமீட்டர்தான். அந்த நீளத்துக்குள் பேபி சீட் ஒன்றை வைத்தால் அதற்கு முன்னால் உள்ள சீட் டாஷ்போர்டை நோக்கி நகரும். அதில் இருப்பவரின் நெஞ்சுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டராவது வேண்டும். அதைவிடக் குறைந்தால் எயார்பேக் காப்பாற்றுவதற்குப் பதிலாகக் காயப்படுத்தும். முழங்கால் இடிக்காமலும் இருக்க வேண்டும். பெற்று நாலைந்து நாளான பெண்ணை, அதுவும் சிசேரியன் என்றால், மடங்கிச் சுருண்டு இருக்கச் சொல்ல முடியாது. பின்னால் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்றால், அந்த வலதுபக்கப் பின்சீட் வளர்ந்த ஆளுக்கானது அல்ல, உங்களுக்கே தெரியும்.

அதனால் என் கணிப்பு இது: நீங்களும் பிள்ளையும் மட்டும் போகும் சிறு பயணங்களுக்கு இந்தக் கார் உதவும். மூன்று பேராகப் போவதற்கு, முக்கியமாக ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வரும் அந்த முதல் பயணத்துக்கு, நாலு கதவுக் கார் ஒன்றைச் சொந்தத்துக்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சீட்டை அதில் முதல் நாளே பொருத்திப் பழகிவிடுங்கள்.

மாமிக்குச் சொல்ல ஒரு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் எல்லாமே தன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு கனக்கும். நாலு கிலோப் பிள்ளை 80 கிலோ. ஒரு மூட்டை அரிசியையும் இன்னொன்றில் பாதியையும் யாரோ கையில் இருந்து பறித்து எறிவது போல. எந்தத் தாயின் பிடியும் அதற்கு நிற்காது. மாமி பிள்ளை வளர்த்த காலத்தில் நம் றோட்டில் வேகம் அவ்வளவு இல்லை, வாகனமும் இவ்வளவு இல்லை. இதை அவவோடு வாதாடாமல் மெதுவாகச் சொல்லுங்கள்.

கராஜ்காரர் சொன்னதை மட்டும் காதில் போடவே வேண்டாம். எயார்பேக் இருக்கும் சீட்டில் பின்னோக்கிய பேபி சீட்டை வைத்தால், பிள்ளையின் தலைக்குப் பின்னால் உள்ள ஓடு டாஷ்போர்டுக்கு மிக அருகில் இருக்கும். எயார்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிந்து அந்த ஓட்டை நேரே அடிக்கும். வாகனங்களின் சன்வைசரில் பேபி சீட் படத்துக்கு மேல் சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருப்பது இதற்குத்தான். பியூஸைக் கழற்றினால் இடது எயார்பேக் மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். அது ஒரே அமைப்பு. ஓட்டுகிற உங்களுடைய எயார்பேக்கும், மோதும்போது பெல்ட்டை இறுக்கும் பொறியும் சேர்ந்தே செயலிழக்கலாம். மறுகா இன்னொருவர் அந்தப் பியூஸைப் போட்டுவிட்டால் உங்களுக்குத் தெரியவும் வராது. சில கார்களில் இடது எயார்பேக்கை மட்டும் நிறுத்தத் திறப்புப் போடும் துவாரம் இருக்கும், இடது கதவைத் திறந்து டாஷ்போர்டின் ஓரத்தில் பாருங்கள். அப்படி ஒன்றை நிறுவனமே வைத்திருந்தால் பேசலாம். இல்லையென்றால் முன்சீட் பேச்சு அத்தோடு முடிந்தது.

சரி, பின்சீட்டுக்கு வருவோம். லண்டனில் என்றால் கடையில் உங்கள் காரில் வைத்துப் பார்த்து வாங்கலாம். சீட் அங்கே, கார் இங்கே. அதனால் ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள். கைக்குழந்தை சீட்கள் பெரும்பாலும் 65 முதல் 70 சென்டிமீட்டர் நீளமும் 44 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். அந்த அளவுக்குப் பெட்டியை வெட்டி ஒட்டி, உயரம் 55 முதல் 60 வரை வையுங்கள். முன் இடது சீட்டை மடக்கிப் பெட்டியைப் பின்னால் நுழையுங்கள். நுழைகிறதா என்பதே முதல் சோதனை. கூரை பின்னுக்குச் சரிவதால் மேல் விளிம்பு இடிக்கும். அந்த இடிப்பு நாளைக்குப் பிள்ளையின் தலையாகவோ உங்கள் தலையாகவோ இருக்கும். பெட்டியை இடது பின்சீட்டில் நீளவாக்காக வைத்து முன்சீட்டை நிமிர்த்துங்கள். அது கிளிக் என்று பூட்டிக்கொள்ள வேண்டும், பெட்டி நசியவும் கூடாது. இப்போது அந்த முன்சீட்டில் யாரையாவது இருத்தி மேலே சொன்ன 25 சென்டிமீட்டரை அளந்து பாருங்கள்.

அடுத்தது பெல்ட். சிறிய கார்களில் பலர் ஏமாறும் இடம் இது. பின்னோக்கிய சீட்டைப் பெல்ட்டால் கட்டும்போது, இடுப்புப் பட்டி பிள்ளையின் கால் பக்கமாகக் குறுக்கே போகும், தோள் பட்டி சீட்டின் முதுகைச் சுற்றி வரும். அதற்கு நீளமான பெல்ட் வேண்டும். பெட்டியிலும் அதே மாதிரிச் சுற்றிப் பாருங்கள்: ஒரு பட்டி பின்சீட்டின் சாய்மானத்தை ஒட்டிய முனையில், மற்றது முன்சீட்டைப் பார்த்த முனையைச் சுற்றி. பூட்டு விழுந்து, பெல்ட் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் நல்லது. எட்டவில்லை என்றால் நீட்டுப் பட்டி வாங்கி ஒட்டுப்போடக் கூடாது.

காரோடு வரும் இரும்புக் கம்பிகளில் சீட்டை நேரே பூட்டும் ஐசோபிக்ஸ் இருந்தால் பெல்ட் கவலையே இல்லை என்று மச்சான் சொல்லுவார். ஜப்பானில் 2012 ஜூலைக்குப் பின் அறிமுகமான கார்களில்தான் அது கட்டாயம். உங்களுடையது 2011 என்பதால் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்க வேண்டாம். பின்சீட்டின் இருக்கையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மெல்லிய இரும்புக் கம்பிகள் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டாலும் உடனே ஐசோபிக்ஸ் பேஸ், அதாவது சீட்டுக்குக் கீழே அந்தக் கம்பிகளில் பூட்டும் அடித்தளம், கேட்காதீர்கள். பேஸ் சேர்ந்தால் சீட் இன்னும் உயரும், பெரும்பாலும் இன்னும் முன்னுக்கும் வரும். அதற்கு ஒரு தாங்குகால் வேறு இருக்கும், அது கார்த் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். விசாலமான காருக்கு அது அருமையான சாமான். உங்களுடைய காருக்கு, பேஸ் இல்லாமல் பெல்ட்டாலேயே கட்டும் சின்ன ஓடுதான் என் தெரிவு.

இனிச் சாய்வு. ஸ்போர்ட்ஸ் காரின் பின் இருக்கை தட்டையாக இருப்பதில்லை. உடம்பு வழுக்காமல் இருக்க உள்ளே குழிந்து, சாய்மானத்தை நோக்கிச் சரிந்திருக்கும். பின்னோக்கிய சீட்டில் பிள்ளையின் கால் அந்தச் சாய்மானப் பக்கம் என்பதால், கால் முனை குழிக்குள் இறங்கித் தலை முனை மேலே எழும்பிவிடும். கழுத்து நிற்காத பச்சைப்பிள்ளை அப்படி நிமிர்ந்திருந்தால் தலை முன்னுக்கு விழும், நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். அழாமல் சத்தமில்லாமல் நடக்கக்கூடிய ஆபத்து இது. பிறந்த பிள்ளைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வு வேண்டும். சீட்டின் பக்கத்தில் அதைக் காட்டும் கோடோ குமிழோ இருக்கும், காரை மேடுபள்ளம் இல்லாத தரையில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். சாய்வு போதாவிட்டால், இறுக்கிச் சுருட்டிய துவாய் ஒன்றை இருக்கை இடுக்கில், கால் முனைக்குக் கீழே வைக்கலாம். ஆனால் சீட்டோடு வரும் புத்தகம் அதற்கு அனுமதித்தால் மட்டும். இரண்டு மூன்று துவாய் கேட்டால் அந்தச் சீட் அந்தக் காருக்குச் சரிவராது.

கட்டும்போது உங்கள் கையால் சீட்டை நன்றாக அமுக்கிக்கொண்டு பெல்ட்டை இழுங்கள். பின்னோக்கிய சீட்டில் பெல்ட் போகும் வழி நீலத்தால் குறிக்கப்பட்டிருக்கும். கட்டி முடித்துப் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தலைப் பக்கத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்காதீர்கள், அங்கே எந்தச் சீட்டும் ஆடும். பெல்ட்டின் பூட்டு சீட்டின் விளிம்பில் ஏறி வளைந்து நின்றாலும் சரியில்லை, மோதலில் அது உடையலாம்.

பிள்ளையின் பட்டி தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து புறப்பட வேண்டும். இறுக்கிய பிறகு தோளெலும்புப் பக்கம் விரலால் கிள்ளினால் பட்டி மடிப்பாகப் பிடிபடக் கூடாது. துணியைச் சுற்றிவிட்டுப் பட்டி போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாறிச் செய்யுங்கள்: முதலில் பட்டி, அதற்கு மேலே துணி. நம்முடைய வெயிலுக்கு அந்தத் துணியும் தேவையா என்று யோசியுங்கள்.

வெயில் என்றதும் ஒன்று. இந்தக் காரின் பின் கண்ணாடி சரிந்து, பின்சீட்டுக்கு மேலேயே வந்துவிடும். பிள்ளை பார்ப்பதோ பின்னுக்கு. காலையில் வாழைச்சேனை தாண்டிப் பொலன்னறுவைப் பக்கம் மேற்கே ஓட்டினால், உங்கள் முதுகில் படும் வெயில் பிள்ளையின் முகத்தில் விழும். பின்னேரம் திரும்பி வந்தாலும் அதே கதை. கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய வலைத்திரை போதும். பாரமான, உறிஞ்சிப் பிடிக்கும் தட்டுத்திரைகளும் பிள்ளையைப் பார்க்கும் பெரிய கண்ணாடியும் மோதலில் பறக்கும். பின்னால் ஏசிக் காற்று வரும் துவாரம் இல்லை, வருகிற கொஞ்சத்தையும் சீட்டின் ஓடு மறைக்கும். கையை அல்ல, பிள்ளையின் பிடரியைத் தொட்டுச் சூடு பாருங்கள். கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியில் நிறுத்திய காரில் பூட்டின் இரும்பு தோலைச் சுடும். பிள்ளையை வைக்கும் முன் தொட்டுப் பார்ப்பது இருக்கட்டும், கடைக்குள் ஒரு நிமிடம் என்றாலும் பிள்ளையைக் காரில் விட்டுப் போகக் கூடாது.

பிறந்து முதல் நாலு கிழமைக்கு ஒரேயடியாக 30 நிமிடத்துக்கு மேல் சீட்டில் வைக்காமல் இருப்பது நல்லது. களுவாஞ்சிகுடியில் இருந்து நகருக்குப் போவதற்கே அதைவிட நேரம் பிடிக்கும், எனவே ஆரையம்பதிப் பக்கம் நிழலில் நிறுத்திப் பிள்ளையைத் தூக்கி முதுகைத் தடவிவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். கொழும்புப் பயணம் 300 கிலோமீட்டருக்கும் மேல், அதைப் பிள்ளை கொஞ்சம் தேறும்வரை தள்ளிப்போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தூங்குகிறதே என்று சீட்டிலேயே விடாமல் தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள். இந்தக் காரில் ஓட்டோடு தூக்கி இறக்குவது இடுப்பைப் பிடிக்கும் வேலை என்பதால், ஓட்டைக் கட்டியபடியே விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் எடுப்பது உங்களுக்கும் சுகம்.

இனி மச்சானுக்கு. பெட்டிச் சோதனையை முடித்துவிட்டுத்தான் அவருக்கு எழுதுங்கள். பெட்டி நுழையவில்லை, அல்லது பெல்ட் எட்டவில்லை என்றால், சீட்டின் காசைச் சேமித்து வேறு காருக்கு யோசிக்கலாம். சரிவந்தால், அளந்த நீள அகலத்தை அனுப்பி, அதற்குள் அடங்கும், பெல்ட்டால் மட்டும் பொருத்தலாம் என்று எழுதியிருக்கும் கைக்குழந்தை சீட்டைக் கேளுங்கள். புது மாதிரிகள் சில ஐசோபிக்ஸ் பேஸ் இல்லாமல் வேலை செய்யாது, அவை வேண்டாம். ஆர்129 அல்லது ஆர்44/04 என்ற பாதுகாப்புத் தர எண் எழுதிய, வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்துள்ள செம்மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். சிஆர்-இசட் பிரித்தானியாவிலும் விற்ற கார் என்பதால், சீட் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அவரே தேடிப் பார்க்கலாம். அங்கே யாரோ பாவித்ததைத் தந்தால், அது விபத்தில் படவில்லை என்பது அவருக்கு நேரில் தெரிந்திருக்க வேண்டும், காலாவதித் திகதி பொறித்திருந்தால் அதுவும் தாண்டியிருக்கக் கூடாது. விளக்கப் புத்தகத்தை எறியாமல் சீட்டோடு போடச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் கைக்கு வந்தால்தான் இரண்டு கார்களிலும் கட்டிப் பழக நேரம் கிடைக்கும்.