500 யூனிட்டத் தாண்டுனா அந்த ஒரே ஒரு யூனிட்டு 243 ரூபா: கரண்ட்டு, கேஸ், தண்ணி பத்தி வாசகர் கேள்விகள்

இந்த தடவ தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்த கடிதங்கள்ல நெறைய பில்லு பத்தி தான், அதனால மத்த கேள்விய அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இதயே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்க வீட்டு கரண்ட்டு பில்லு போன தடவ 1,710 ரூபா வந்துச்சு, இந்த தடவ 2,191. யூனிட்டு பாத்தா 485, அப்புறம் 518, வெறும் 33 யூனிட்டு தான் கூட. 33 யூனிட்டுக்கு 480 ரூபாயா? மீட்டர் கோளாறுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு, கம்ப்ளைண்ட் குடுக்கலாமா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: மீட்டர் மேல தப்பு இல்ல தங்கச்சி, நீங்க 500ங்கற கோட்டத் தாண்டிட்டீங்க, அவ்வளவு தான். நம்மூர்ல இத யாரும் ஒழுங்கா எடுத்துச் சொல்றதே இல்ல, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பேப்பர் பேனா எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட்டு எல்லா வீட்டுக்கும் ஃப்ரீ, அது 2016ல இருந்து இருக்கு. அதுக்கு மேல 2024 ஜூலைல வந்த ரேட்டுப்படி பாத்தா, மொத்தம் 500க்குள்ள இருக்கற வீட்டுக்கு 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35, 201ல இருந்து 400 வரைக்கும் 4.70, 401ல இருந்து 500 வரைக்கும் 6.30. (2025ல ஏத்துனப்போ வீட்டு இணைப்புக்கான ஏத்தத்த அரசாங்கமே ஏத்துக்கிச்சு.) சரியா 500 யூனிட்டு ஓடுனா 1,805 ரூபா. இப்போ 501 ஆச்சுன்னு வைங்க, 501வது யூனிட்டுக்கு 8.40, அது மட்டும்னா பரவால்லையே, ஆனா கீழ 2.35க்குக் கிடைச்ச அந்த 100 யூனிட்டும் 4.70 ஆயிடும், சலுகை போயிடும். 235 ரூபா அங்கயே ஏறிடுச்சு. பில்லு 2,048 ரூபா 40 காசு. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபா! அப்புறம் 600 தாண்டுனா 9.45, 800 தாண்டுனா 10.50, ஆயிரம் தாண்டுனா 11.55ன்னு போயிட்டே இருக்கும்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், லைட்ட அணை லைட்ட அணைன்னு பசங்கள நாள் பூரா திட்டறத விட, ரீடிங் எடுக்க வர்றவர் வந்துட்டுப் போன தேதிய காலண்டர்ல குறிச்சு வெச்சுட்டு, அன்னைக்கு மீட்டர்ல என்ன நம்பர்னு எழுதிக்கோங்க. சரியா ஒரு மாசம் கழிச்சு நீங்களே போய்ப் பாருங்க. 250க்கு மேல ஓடியிருந்தா நீங்க 500 தாண்டப் போறீங்கன்னு அர்த்தம், இன்னும் முப்பது நாள் கையில இருக்கு, ஏதாவது பண்ணலாம். பில்லு வந்ததுக்கு அப்புறம் பாத்து ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. ரீடிங் எடுக்க லேட்டா வந்தாங்கன்னா நாள் கூடிக் கூடி யூனிட்டும் ஏறிடும், அதனால அறுபதாவது நாள் மீட்டர போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, கேள்வி கேக்கணும்னா கையில ஆதாரம் வேணும்ல. மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், நம்பர் 94987 94987, எந்நேரமும் எடுப்பாங்க.

உங்க வீட்டுக்கு நான் சொல்ற வழி ஃபேனு. பழைய ஃபேன் ஒண்ணு 75 வாட்ஸ் பக்கம் இழுக்கும், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட்டு. பிஎல்டிசின்னு கரண்ட்டு கம்மியா இழுக்கற புது வகை மோட்டார் வெச்ச ஃபேன் 30 வாட்ஸ் தான், அதே நேரம் ஓடுனா 22 யூனிட்டு கூட வராது. ஒரே ஒரு ஃபேன, அதுவும் ராத்திரி பகல்னு ஜாஸ்தி ஓடற ஹால் ஃபேன மாத்துனா 32 யூனிட்டு கொறையும், 518 வந்து 486ல நிக்கும். பில்லுல 475 ரூபா போல மிச்சம். ஃபேன் விலை 3,000ன்னா ஆறேழு பில்லுல எடுத்துடலாம். ஆனா 300 யூனிட்டே ஓடற பக்கத்து வீட்டுக்காரங்க உங்களப் பாத்து அதே ஃபேன வாங்குனா அவங்களுக்கு 150 ரூபா தான் மிச்சம், காசு திரும்ப மூணு வருஷத்துக்கு மேல ஆகும். பழசு கெட்டுப் போனப்புறம் அவங்க மாத்திக்கலாம், அவசரமே இல்ல. (பிஎல்டிசி ஃபேனுக்கு சுவத்துல இருக்கற பழைய ரெகுலேட்டர் வேணாம், அத எடுத்துட்டு நேரா சுவிட்ச்ல குடுக்கச் சொல்லுங்க எலக்ட்ரீஷியன்கிட்ட.)

இன்னொண்ணும் செஞ்சு பாருங்க, மெயின ஆன்லயே விட்டுட்டு வீட்டுல எல்லா சுவிட்சயும் ஆஃப் பண்ணி, ஃப்ரிட்ஜ் பிளக்க எல்லாம் கழட்டிட்டு மீட்டர்ல மினுக்கற செவப்பு லைட்டப் பாருங்க. எல்லாம் ஆஃப்ல இருந்தும் மினுக்கிட்டே இருந்தா வயரிங்ல எங்கயோ லீக், இல்லன்னா உங்க லைன்ல இருந்து வேற யாருக்கோ போகுது. அப்போ கம்ப்ளைண்ட் குடுங்க, ஞாயம் இருக்கு. அப்புறம் போர் மோட்டார், நம்ம மாவட்டத்துல போர் ஆழம் எல்லாருக்கும் தெரியும், 1 எச்பி மோட்டார்னாலே ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டு பக்கம், டேங்க் நெறஞ்சு வழிஞ்சு தெருவுல ஓடறது தண்ணி மட்டும் இல்ல, கரண்ட்டும் தான். ஆட்டோ கட் ஒண்ணு போட்டுருங்க.

கேள்வி: கேஸ் விலை தாங்கல, இண்டக்‌ஷன் அடுப்புக்கு மொத்தமா மாறிடலாம்னு பாக்கறோம். லாபமா நஷ்டமா? நாலு பேர், ஒரு சிலிண்டர் 40 நாள் வரும். (வாசகர், ஓசூர்)

பதில்: தம்பி, இதுக்கும் மேல சொன்ன அதே கோடு தான் பதில். 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு செய்யற சமையல இண்டக்‌ஷன்ல செய்ய சுமார் 130 யூனிட்டு ஆகும், கேஸ் அடுப்புல நெறைய சூடு பாத்திரத்துக்கு வெளிய போயிடும், இண்டக்‌ஷன்ல அவ்வளவு போகாது, அதயும் சேத்துத் தான் இந்தக் கணக்கு. 40 நாளைக்கு ஒரு சிலிண்டர்னா ரெண்டு மாசத்துக்கு ஒன்றரை, அதாவது 200 யூனிட்டு பக்கம் கூடும்.

இப்போ உங்க வீட்டுல 250 யூனிட்டு ஓடுதுன்னா பில்லு 470, இண்டக்‌ஷனோட 450 ஆனா 1,490. கூடுதல் 1,020. சிலிண்டர் 900 ரூபான்னு வெச்சுக்கிட்டா ஒன்றரைக்கு 1,350, அப்போ முந்நூறு ரூபாய்க்கு மேல லாபம். ஆனா இப்பவே 400 ஓடற வீடுன்னா 1,175 இருந்தது 600 யூனிட்டாகி 2,880 ஆயிடும், 1,705 கூடுதல், சுத்த நஷ்டம். ஏசி இருக்கற வீட்டுல சித்திரை வைகாசில இண்டக்‌ஷன் பக்கமே போகாதீங்க. கடைக்காரர் இதெல்லாம் சொல்ல மாட்டாரு, உங்க ஈபி பில்லயும் கேஸ் பில்லயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நீங்களே போட்டுப் பாருங்க. நடுவுல இருக்கற வீட்டுக்கு பால் காச்ச, டீ போட, வெந்நி வெக்க மட்டும் இண்டக்‌ஷன், சோறு கொழம்பு கேஸ்னு பிரிச்சுக்கறது நல்லது, எனக்குத் தெரிஞ்சு நெறைய வீட்டுல இது தான் ஒத்து வருது.

கேஸே வேணும்னா, தீ மஞ்சளா எரிஞ்சா பர்னர் அடைச்சிருக்கு, கழட்டிக் கழுவுங்க. பருப்பு, கொள்ளு, மொச்சை எல்லாம் ஊற வெச்சு குக்கர்ல போடுங்க, விசில் வந்ததும் சிம். களிக்கும் கொதி வந்து மாவு போட்டதுக்கு அப்புறம் பெரிய தீ தேவையே இல்ல, சிம்ல மூடி வெச்சாலே நல்லா வெந்துடும், கிண்டறது தான் கை வேலை.

கேள்வி: மாசம் தண்ணி கேனுக்கே எக்கச்சக்கமா செலவாகுது. போர் தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடிச்சா காசு மிச்சம் ஆகுமேன்னு மாமியார் சொல்றாங்க. செய்யலாமா அக்கா? (வாசகி, பென்னாகரம்)

பதில்: வேணாம்மா. இதுல மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க. மாமியார்கிட்டயும் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஆனா நம்ம பக்கத்து போர் தண்ணில கரைஞ்சிருக்கற ஃப்ளோரைடுங்கற உப்பு போகாது, தண்ணி ஆவியாப் போகப் போக மிச்சத் தண்ணில ஃப்ளோரைடு இன்னும் கூடத் தான் செய்யும். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பசங்க பல்லு பழுப்பா கறை புடிக்கறதும் பெரியவங்க முட்டி முதுகு வளைஞ்சு போறதும் எத்தன வீட்டுல பாத்துட்டோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு பேர்லயே இந்த நோயோட பேரு, ஃப்ளோரோசிஸ், இருக்கு, ஜப்பான் கடன்ல 2008ல அடிக்கல் போட்டு 2013ல தண்ணி விட்டாங்க, காவேரித் தண்ணிய மேட்டுக்கு ஏத்தி இவ்வளவு செலவு பண்ணிக் கொண்டு வந்ததே போர் தண்ணியக் குடிக்க வேணாம்னு தான்.

ஒரு லிட்டர்ல ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா ஒன்றரை வரைக்கும்னு நம்ம நாட்டு அளவு. உங்க போர்ல எவ்வளவுன்னு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல பாட்டில்ல புடிச்சுக் குடுத்து டெஸ்ட் பண்ணிக்கலாம். செலவ கொறைக்க வழி என்னன்னா, ஒகேனக்கல் தண்ணி வர்ற நாள்ல குடிக்கறதுக்கும் சமையலுக்கும் மட்டும் தனியா மூடி போட்ட டிரம்முல புடிச்சு வைங்க, போர் தண்ணியோட ஒரே டேங்க்ல கலக்காதீங்க. நெறைய வீட்டுல இங்க தான் கோட்ட விடறாங்க, நல்ல தண்ணி வந்து சம்ப்ல விழுந்து போர் தண்ணியோட சேந்துடும், அப்புறம் காசு குடுத்துக் கேன் வாங்குவாங்க. சோறு வடிக்க, பருப்பு வேக வெக்கவும் நல்ல தண்ணி தான், களியும் தண்ணிய அப்படியே இழுத்துக்கும், அதுலயும் போர் தண்ணி வேணாம். ஆர்ஓ மெஷின் இருந்தா அதுல வெளிய வர்ற தண்ணிய பாத்ரூம் கழுவ வெச்சுக்கோங்க, குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

கேள்வி: தளி பக்கம் எங்க ஊர்ல மார்கழி குளிர் தாங்காது, கீசர் போட்டா பில்லு எகிறுது. ராடு வாங்கலாமா? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: ராடு, கீசர் எதுல வெச்சாலும் ஒரு பக்கெட் தண்ணி சூடாக்க அரை யூனிட்டுக்குள்ள தான், கரண்ட்டுல பெரிய வித்தியாசம் இல்ல. ஷாக் பயம் ராடுல ஜாஸ்தி, சின்னப் பசங்க இருக்கற வீட்டுல வேணவே வேணாம். கீசர்ல காசு போறது எங்கன்னா, காலைல ஆறு மணிக்குப் போட்டு பத்து மணி வரைக்கும் அப்படியே விடறது. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் குளிச்சு முடிச்சு ஆஃப் பண்ணுங்க, சூட்ட 50க்கு வைங்க, அதுக்கு மேல வெச்சு பச்சத் தண்ணி கலந்து குளிக்கறது வீண். நம்ம உப்புத் தண்ணில காயில்ல வெள்ளையா படிஞ்சுடும், வருஷத்துக்கு ஒரு தடவ சர்வீஸ் பண்ணுங்க. சொந்த வீடுன்னா சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டுருங்க, குளிர் ஊரா இருந்தாலும் உங்க பக்கம் வெயில் இருக்கற நாள் தான ஜாஸ்தி.

கேள்வி: வாடகை வீடு. ஓனர் சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 10 ரூபா வாங்கறாரு. ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட்டு தான் ஓடுது, 900 ரூபா குடுக்கறேன். (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: உங்க பேர்ல தனி மீட்டர் இருந்திருந்தா இந்த 90 யூனிட்டுக்கு ஒரு பைசா கெடையாது. வயிறு எரியுது படிக்கும்போது. தனி வாசல், தனி சமையல்கட்டு இருந்தா அந்த போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்க ஓனர் எழுதிக் குடுக்கலாம், டெபாசிட்டு பாதி நான் தர்றேன்னு கேட்டுப் பாருங்க. ஒத்துக்கலன்னா அடுத்த வீடு பாக்கும்போது வாடகைக்கு முன்னாடி ஈபி மீட்டர் தனியான்னு கேளுங்க, மாசம் 400 ரூபா வாடகை கூட இருந்தாலும் தனி மீட்டர் வீடு தான் லாபம்.

கேள்வி: தோட்டத்து மோட்டார் கரண்ட்டு ஃப்ரீ தான, அங்க இருந்து வீட்டுக்கு ஒரு வயர் இழுத்துக்கலாமா? (வாசகர், அரூர்)

பதில்: கூடாதுங்க. விவசாயத்துக்குக் குடுத்தத வீட்டுக்கு எடுத்தா மின்சாரச் சட்டம் 126வது பிரிவுல ரெண்டு மடங்கு ரேட்டு போட்டு அபராதம் வரும். அந்த இணைப்புக்காக எத்தன வருஷம் காத்துக் கெடந்திருப்பீங்க, ஒரு வயருக்காக அதுக்குச் சிக்கல் இழுத்துக்காதீங்க.

கேள்வி: எங்களுக்கு 700 யூனிட்டு வருது, சோலார் போட்டா எவ்வளவு கொறையும்? மாடில எடம் இருக்கு, பக்கத்துல மாமரம் ரெண்டு. (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: 700 யூனிட்டுக்கு இப்போ 3,825 ரூபா கட்டிட்டு இருப்பீங்க. உங்கள மாதிரி 500க்கு ரொம்ப மேல இருக்கறவங்களுக்குத் தான் சோலார் முதல்ல. ஒரு கிலோவாட்டு பேனல் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு நாலு யூனிட்டு பக்கம் குடுக்கும், 2 கிலோவாட்டு போட்டா ரெண்டு மாசத்துக்கு 480, மிச்சம் 220 யூனிட்டு தான் ஈபி கணக்குல நிக்கும், அந்த ரேட்டுல பாத்தா 330 ரூபா பக்கம். 2024 பிப்ரவரில வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல 2 கிலோவாட்டுக்கு 60,000 மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000, அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் 78,000 தான். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி மாடி வேணும். திட்டத்துல பதிவு பண்ணியிருக்கற கம்பெனியா பாத்து எடுங்க, நெட் மீட்டர் வெச்சுத் தர்றது அவங்க பொறுப்புன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, அது வந்தாத் தான் பகல்ல மிச்சமான கரண்ட்டு உங்க கணக்குல கழியும்.

மாமரத்த வெட்ட வேணாம். காலைல ஒன்பது மணி, மத்தியானம் மூணு மணி ரெண்டு நேரமும் மாடில ஏறி நிழல் எது வரைக்கும் வருதுன்னு சுண்ணாம்புல கோடு போட்டுக்கோங்க, தை மாசத்துல வெயில் சாய்வா வரும்போதும் ஒரு தடவ பாருங்க. ஒரு பேனல் மேல பாதி நிழல் விழுந்தாக் கூட அந்த வரிசையோட உற்பத்தியே இறங்கிடும். நிழல் படாத மூலைல 2 கிலோவாட்டுக்கு எடம் இருந்தா அது போதும், 3 போடச் சொல்லி கம்பெனிக்காரர் வற்புறுத்துனாலும் கேக்காதீங்க.