குவான்ட்டில் 98, ஆங்கிலத்தில் 66: மறுபடி எழுதலாமா?

கேள்வி: எனக்குக் கரூர் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். சென்னையில் மென்பொருள் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கடந்த நவம்பரில் ஐ.ஐ.எம். என்னும் மேலாண்மைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வான கேட் எழுதினேன். குவான்ட் என்னும் கணக்குப் பகுதியில் 98, டேட்டா-லாஜிக்கில் 91, ஆங்கிலத்தில் 66 பெர்சன்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை முந்தினோம் என்ற அளவு), மொத்தத்தில் 93. ஒரு நேர்முகத் தேர்வு அழைப்பும் வரவில்லை. ஆங்கிலத்தில் 24 கேள்விகளில் 22 போட்டேன், 9 தான் சரி. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுமூச்சாகப் படித்து மறுபடி எழுதலாமா? தமிழ்வழியில் படித்தவனுக்கு இந்தப் பகுதி கைவருமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, மறுபடி எழுதுங்கள். ஆனால் வேலையை விட வேண்டாம்.

எழுதுவதால் உங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. கேட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு தேர்வின் மதிப்பெண் ஒரு வருடச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும், அதனால் இந்த 66 உங்களைத் துரத்திக்கொண்டு வராது. அதே விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குவான்ட்டின் 98-ஐயும் கையோடு எடுத்துப்போக முடியாது. அதையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒரு பகுதியைச் சரிசெய்யப் போகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் ஆங்கிலத்திலேயே மூழ்கிவிட்டு நவம்பரில் உட்காரும்போது கணக்கில் கை வேகம் போயிருக்கும். எனவே வாரத்தில் இரண்டு நாள் குவான்ட், டேட்டா-லாஜிக் பயிற்சி நிற்காமல் ஓடட்டும்.

இந்தத் தேர்வில் ஒரு பகுதியின் பலத்தை இன்னொன்றுக்குக் கடன் கொடுக்கவும் வழியில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம்; முடிந்தால்தான் அடுத்தது திறக்கும். குவான்ட்டில் மிச்சமாகும் நேரத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்ப முடியாது. மொத்த பெர்சன்டைல் எவ்வளவு இருந்தாலும், ஐ.ஐ.எம்.கள் ஒவ்வொரு பகுதிக்கும் வைக்கும் குறைந்தபட்ச அளவான கட்-ஆஃபைத் தாண்டாதவரின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். உங்கள் 66 அப்படித்தான் பல கதவுகளை மூடியிருக்கும். பொதுப் பிரிவு என்றால் அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தாவுக்கு 93-உம் போதாது, 99-ஐ ஒட்டி வேண்டியிருக்கும். குவான்ட்டில் இனி ஏற அதிக இடம் இல்லை. மொத்தமும் ஆங்கிலத்தில்தான் உயர வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். 9 சரி என்றால் 27 மதிப்பெண். தவறு 13. அதில் இரண்டு, விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகள் என்று வைத்துக்கொண்டால் அவற்றுக்குக் கழிவு இல்லை. மீதி 11-க்கும் ஒவ்வொன்று கழிந்து 16 நிற்கிறது. இதே நீங்கள் 16 கேள்வி மட்டும் தொட்டு, அவசரமில்லாமல் வாசித்து, 10 சரியாகப் போட்டிருந்தால்? 30-இல் 6 கழிந்தாலும் 24. கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கான விடைதான். உங்களுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று இந்த எண்கள் சொல்லவில்லை. வாசித்து விடையளிக்கத் தரும் நான்கு பத்திகளையும் முடித்தே ஆக வேண்டும் என்று ஓடியிருக்கிறீர்கள் என்றுதான் சொல்கின்றன. மூன்று பத்திகளை ஒழுங்காக வாசித்துவிட்டு, நான்காவதை நேரம் இருந்தால் மட்டும் தொடுங்கள். வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விகள் பெரும்பாலும் தட்டச்சு வகை. அவற்றைக் காலியாக விட வேண்டாம்.

தேர்வில் நீங்கள் போட்ட விடைகளைக் காட்டும் ரெஸ்பான்ஸ் ஷீட்டைத் தரவிறக்கி வைத்திருக்கிறீர்களா? அதுதான் உங்களுக்கு முதல் பாடநூல். தவறான 13-ஐயும் எடுத்து, கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டுப் பாருங்கள். இப்போது சரியாக வருபவை நேரத்தால் போனவை. இப்போதும் தவறாக வருபவை புரிதலால் போனவை. இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் வகை அதிகம் என்றால் கேள்விகளை விடப் பழக வேண்டும். இரண்டாவது அதிகம் என்றால் வாசிப்புதான் ஒரே வழி. இதைப் பிரித்துப் பார்க்காமல் மாக் டெஸ்ட் என்னும் மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தமிழ்வழி பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: இந்தத் தேர்வில் உச்சரிப்பையோ பேச்சையோ யாரும் சோதிப்பதில்லை. ஒரு கட்டுரையாளர் என்ன சொல்கிறார், எதை மறுக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று பிடிக்கத் தெரிகிறதா என்பதே கேள்வி. தமிழில் நல்ல கட்டுரையை ஊன்றிப் படிப்பவருக்கு அந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. பழகாமல் இருப்பது தத்துவம், மானுடவியல், சூழலியல் போன்ற துறைகளின் ஆங்கில நடை மட்டுமே. தினம் அப்படி ஒரு நீண்ட கட்டுரை படியுங்கள். முடித்ததும் அதன் வாதத்தைத் தமிழில் மூன்று வரியில் எழுதுங்கள். தமிழில் எழுத முடிகிறது என்றால் புரிந்துவிட்டது. அப்புறம் பழைய வினாத்தாள்கள். 2020 முதல் ஆண்டுக்கு மூன்று அமர்வுகள், எல்லாமே 40 நிமிடக் கணக்கில் நடந்தவை. பயிற்சி மையங்கள் தாங்களே தயாரிக்கும் பத்திகளைவிட இவை எவ்வளவோ மேல்.

இதற்கெல்லாம் வேலை நாளில் ஒன்றரை மணி நேரம் போதும். பெங்களூரு ஐ.ஐ.எம். பணி அனுபவத்துக்குத் தனிப் புள்ளி தருகிறது, நேர்முகத் தேர்வில் எல்லா இடத்திலும் அதைப் பற்றிக் கேட்பார்கள். ராஜினாமா செய்தால், வெட்டியாகப் போன வருடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். சம்பளம் நின்றுபோன வீட்டில் படிப்பதன் அழுத்தம் வேறு.

நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. கட்-ஆஃப் பிரிவுக்குப் பிரிவு மாறும். நம் மாநிலச் சாதிச் சான்றிதழில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருந்தால் மட்டும் போதாது. உங்கள் சமூகம் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, கிரீமி லேயருக்குள் வராதவர் என்றால், மத்திய அரசுப் படிவத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். பதிவு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கிவிடும். ஜூனிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.