எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் ஒழிப்பில் எந்த நாடாவது ஜெயித்திருக்கிறதா?

கேட்டவர் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார். இத்தனை வருடமாக இத்தனை பணம் கொட்டியும் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸும் ஏன் ஒழியவில்லை என்பது ஒன்று. எந்த நாடாவது உருப்படியாகச் செய்து காட்டியிருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சுலபம்: ஹெபடைடிஸ் சி-யில் எகிப்து. முதலாவது கொஞ்சம் நீளும்.

நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடமாக ஊசியும் குழாயுமாகக் காலம் தள்ளும் டெக்னீஷியன். திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியும் முழுப் படம் எனக்குத் தெரியாது. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருகிறவர்களின் முகம் தெரியும். அங்கிருந்துதான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் வீக்கம். நாம் அதன் எல்லா வகையையும் மஞ்சள் காமாலை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஏ, இ வகைகள் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வந்து, பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். பி, சி வகைகள் வேறு ஜாதி. ரத்தம் வழியாக வரும், உடலுறவில் வரும் (சி அப்படி வருவது குறைவு), தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். வந்து இருபது வருடம்கூடச் சத்தமே போடாமல் கல்லீரலை அரிக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால் பி-க்குத் தடுப்பூசி உண்டு, முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை. சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100-ல் 95 பேருக்கு மேல் குணம். எச்.ஐ.வி.க்கு இரண்டுமே இல்லை, தினம் ஒரு மாத்திரையில் முழு ஆயுளும் வாழலாம். மூன்றுக்கும் மூன்று வழி. இவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டிப் பேசும்போதுதான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஆக, ஆயுதம் எல்லாம் இருக்கிறது. பிறகு எங்கே இடிக்கிறது? என் மேஜையில் இடிக்கிறது.

ஹெபடைடிஸ் சி-க்கான கிட் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. விரலில் குத்தி ஒரு சொட்டு, மேலே இரண்டு சொட்டு திரவம். ரத்தம் ஈரத் துணியில் மை பரவுகிற மாதிரி ஜன்னலில் ஏறும். முதலில் ‘சி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு விழும். அது கிட் வேலை செய்கிறது என்பதற்கான கோடுதான். எட்டிப் பார்த்துவிட்டு ‘ஐயோ, சி வந்துடுச்சு’ என்று வெளிறிப்போனவர்கள் உண்டு. அதனால் இப்போதெல்லாம் கிட்டைக் கவிழ்த்த தட்டுக்குப் பின்னால் வைக்கிறேன். ‘டி’ (டெஸ்ட்) பக்கத்திலும் கோடு விழுந்தால்தான் விஷயம். அதுவும் பாதி விஷயம்தான். அந்தக் கோடு உடம்பு எப்போதோ இந்த வைரஸோடு சண்டை போட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சண்டையில் ஜெயித்து வைரஸ் போயே போயிருக்கும். மருந்தில் குணமானவருக்கும் கோடு அழியாது. இப்போது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சோதனை வேண்டும். அது பல இடங்களில் வேறொரு ஊரின் பெரிய லேபுக்குப் போக வேண்டும்.

‘ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும், அடுத்த வாரம் வாங்க’ என்போம். சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த வாரம் வரமாட்டார். கூலி வேலையில் ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, எதற்கு வர வேண்டும்? வந்தவரை டாக்டரிடம் அனுப்பினால் அங்கே இன்னும் இரண்டு சோதனை, இன்னொரு தேதி. ஒவ்வொரு ‘அப்புறம் வாங்க’விலும் சிலர் உதிர்ந்துகொண்டே போவார்கள். ஒரு நாட்டின் திட்டம் தேறுமா தேறாதா என்று எனக்குத் தெரிய வேண்டுமென்றால் பட்ஜெட்டைக் கேட்கமாட்டேன். விரலில் குத்தியதற்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே ஒரு ஆள் எத்தனை தடவை நடக்க வேண்டும் என்றுதான் கேட்பேன்.

இப்போது எகிப்து. அங்கே ஹெபடைடிஸ் சி அப்படிப் பரவியதற்குக் காரணமே ஒரு தேசிய சுகாதாரத் திட்டம். தண்ணீரில் நத்தை வழியாக வரும் ஒரு புழு நோயை ஒழிக்க 1950-களில் தொடங்கி 80-கள் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சு, சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருவருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும். அப்படி ஒரு வைரஸ் இருப்பதே 1989-ல்தான் உலகுக்குத் தெரிந்தது. 2008 கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 15 பேருக்கு அந்தக் கோடு விழுந்தது. உலகிலேயே மிக அதிகம்.

2013 கடைசியில் ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். எகிப்து பேரம் பேசி 2014-ல் 900 டாலருக்கு வாங்கியது. பிறகு உள்ளூரிலேயே தயாரித்து அதையும் இன்னும் பல மடங்கு இறக்கியது. பெரும்பாலான கட்டுரைகள் இந்த விலைக் கதையோடு நின்றுவிடும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. மருந்து மலிவாகிவிட்டது, சிகிச்சைக்கு வரும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து முடித்தாயிற்று, தெரியாதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். 2018 அக்டோபரில் ‘10 கோடி ஆரோக்கியம்’ என்ற பெயரில், வயது வந்த எல்லாரையும் சோதிப்பது என்று இறங்கினார்கள். ஏழு மாதத்தில் கிட்டத்தட்ட 5 கோடிப் பேர். சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

அதில் ஒரு சின்னத் தந்திரம் இருந்தது. அதே மேஜையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்தார்கள். வரிசையில் நிற்கிறவர் எதற்காக நிற்கிறார் என்று பின்னால் நிற்கிறவருக்குத் தெரியாது. ‘பிரஷர் பார்க்க வந்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் வெண்கலம், வெள்ளிக்கு மேலான தங்க நிலையை எட்டிய முதல் நாடு என்று எகிப்தை அறிவித்தது. ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 2016 மார்ச்சிலிருந்து சிறப்பு மருத்துவரைத் தேடி அலையாமல், பக்கத்துக் குடும்ப டாக்டரே மருந்து எழுதலாம் என்று விதியைத் தளர்த்தியது. அங்கேயும் குறைத்தது நடையைத்தான்.

எச்.ஐ.வி. கதை இதைவிடக் கசப்பு. 1996-லேயே பிரேசில் எல்லாருக்கும் இலவச மருந்து என்று சட்டம் போட்டது. 2001-ல் இந்தியாவின் சிப்லா மருந்து நிறுவனம், அதுவரை வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஜனாதிபதி எம்பெக்கி, எய்ட்ஸுக்கு இந்த வைரஸ்தான் காரணமா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுக்கச் சொல்லி 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள். இன்று உலகிலேயே அதிகம் பேருக்கு எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் நாடு அதே தென்னாப்பிரிக்கா. இந்தியாவில் 1986-ல் முதல் தொற்றுகள் தெரியவந்தன, 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து, 2017-ல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம், 2018-ல் ஹெபடைடிஸுக்கென்று தனித் திட்டம். ஹெபடைடிஸ் எவ்வளவு பின்தங்கி வந்தது என்பதை வருடங்களே சொல்லும்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. ஒருவருக்கு இருந்து துணைக்கு இல்லாத நூற்றுக்கணக்கான தம்பதிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் அப்படிப் பரவியது ஒன்றுகூட இல்லை. ஆக, ஒருவருக்குக் கொடுக்கும் சிகிச்சையே இன்னொருவருக்குத் தடுப்பு. இதைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் பயமுறுத்தி மட்டும் போஸ்டர் ஒட்டிய வருடங்கள் எத்தனை!

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், கூட்டம் முண்டியடித்த நேரம், ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டேன். போடவே கூடாது என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் விதி. ஊசிகளைப் போடும் டப்பா நிரம்பி வழிந்தது, மாற்றுவதற்கு இரண்டு நாளாக யாரும் வரவில்லை. இடது ஆள்காட்டி விரலில், கையுறையைத் தாண்டி இறங்கியது. அந்த ரத்தத்துக்கு உரியவருக்கு எச்.ஐ.வி. பாசிட்டிவ்.

பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். தலைக்குள் மூன்று எண்கள் ஓடின. தடுப்பூசி போடாத ஒருவருக்கு இப்படிக் குத்தினால் ஹெபடைடிஸ் பி வர வாய்ப்பு 100-க்கு 30 வரை, சி என்றால் சுமார் 3, எச்.ஐ.வி. வெறும் 0.3. தொழிலில் இருக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் பழைய கணக்கு இது, சி இன்னும் குறைவு என்கிறார்கள். எண்ணைப் பார்த்தால் எச்.ஐ.வி.க்குத்தான் கடைசியாகப் பயப்பட வேண்டும். என் வயிறு எண்ணைக் கேட்கவில்லை. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மருந்து இருந்த அறை எதிரே முப்பது அடியில். அங்கே பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும்.

நான் அரை மணி நேரம் வெளியே நின்றேன். உள்ளே இருந்த அக்காவோடு தினமும் டீ குடிக்கிறவன் நான். பெயரை மாற்றி எழுதலாமா, வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். தினம் பத்துப் பேருக்கு ‘இதுல வெட்கப்பட என்ன இருக்கு’ என்று சொல்கிறவனுக்கே முப்பது அடி அத்தனை தூரமாக இருந்தது. கடைசியில் அந்த அக்காதான் வெளியே வந்து, ‘என்னப்பா, விரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற’ என்றார்.

28 நாள் மாத்திரை. முதல் வாரம் குமட்டல், தூக்கம் சரியாக இல்லை. அப்புறம் ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் சோதனை. மூன்றும் நெகட்டிவ். வீட்டில் சொன்னது ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான்.

அதனால் ‘மக்கள் ஏன் சோதனைக்கு வருவதில்லை, விழிப்புணர்வு இல்லை’ என்று யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு இல்லாத விழிப்புணர்வா? தனிப் பலகை மாட்டிய தனி அறைக்குள் நாலு பேர் பார்க்க நுழைய வேண்டியிருக்கிறது, அதுதான் காரணம். எகிப்து சர்க்கரையோடு சேர்த்துப் பார்த்தது இதனால்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஊசியில் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்குப் புது சிரிஞ்சு கொடுப்பதும் இதே கணக்குதான். ‘போதைக்கு அரசாங்கமே ஊசியா’ என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியா 1980-களிலேயே கொடுக்கத் தொடங்கியது, அந்த மக்களிடையே எச்.ஐ.வி. அங்கே கடைசிவரை தலைதூக்கவில்லை.

கடைசியாக ஹெபடைடிஸ் பி. யாரும் கண்டுகொள்ளாத பிள்ளை இது. 2022 கணக்குப்படி உலகில் 25 கோடிப் பேருக்கு மேல் இருந்தது. அதில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் 100-க்கு 13 பேர்தான். பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிய குழந்தைகளில் 10-க்கு 9 பேருக்கு ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியும், பிறகு மற்ற ஊசிகளும் போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். 1984-ல் இதைத் தேசிய அளவில் தொடங்கிய தைவானில், பிற்பாடு குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது.

கேட்டவர் தனக்காகவும் கேட்டிருந்தால் ஒன்று: வேறு எதற்காவது ரத்தம் கொடுக்கும்போது ‘ஹெபடைடிஸ் பி-யும் சேர்த்துப் பாருங்க’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். நெகட்டிவ் என்றால், முன்பு போடாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். வழக்கமான முறையில் மூன்று ஊசி: இன்று, அடுத்த மாதம், ஆறாம் மாதம். மூன்றாவதை மறக்கிறவர்கள்தான் அதிகம். முதல் ஊசி போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் தேதியைப் பதிந்துவிடுங்கள்.