ஹெல்லஸில் வெண்ணெய் வாசம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மியூனிக் வந்து ஆறு மாதமாகிறது. இங்கே சின்ன ப்ரூவரிகள் சிலவற்றில் ஹெல்லஸ் என்ற பொன்னிற லாகர் பியரைக் குடித்துப் பார்த்தேன். ஒன்றில் பெரிதாக எந்தச் சுவையும் பிடிபடவில்லை. இன்னொன்றில் உருகிய வெண்ணெய் வாசம். மூன்றாவதில் வேகவைத்த மக்காச்சோளம். உடன் வந்த நண்பர், "கையால் செய்கிற பியர் அப்படித்தான், அதுதான் அதன் தனித்தன்மை" என்கிறார். எது சுவை, எது குறை என்று எப்படிக் கண்டுகொள்வது?

– ஒரு வாசகர், மியூனிக்

அன்புள்ள நண்பருக்கு,

வெண்ணெய் வாசம் தனித்தன்மை இல்லை, அவசரம்.

லாகர் ஈஸ்ட் 8 முதல் 12 டிகிரி செல்சியஸில் நிதானமாக வேலை செய்யும். அப்போது அது வெளியே விடும் ஒரு பொருள் பியருக்குள் டைஅசிட்டைலாக மாறுகிறது. உங்கள் மூக்கு பிடித்தது அதைத்தான். நொதித்தல் முடியும் தறுவாயில் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அதற்கு ஈஸ்ட் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். அதனால் பலர் கடைசிக் கட்டத்தில் 15, 16 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுகிறார்கள். பிறகு 0–2 டிகிரிக்கு இறக்கி நான்கு முதல் ஆறு வாரம் ஊறப்போடுகிறார்கள். 'லாகர்ன்' என்ற ஜெர்மன் சொல்லுக்கே சேமித்து வைப்பது என்றுதான் பொருள். அடுத்த ஈடுக்குத் தொட்டி வேண்டுமென்று முன்கூட்டியே குளிர்வித்தால் ஈஸ்ட் முடங்கிவிடும், வெண்ணெய் தங்கிவிடும். குழாயைச் சரியாகக் கழுவாவிட்டாலும் பாக்டீரியாவால் இதே வாசம் வரும். அப்போது பெரும்பாலும் கூடவே ஒரு புளிப்பும் இருக்கும்.

சந்தேகம் வந்தால் கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடேற்றுங்கள். மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு என்றால் ரொட்டி வாசமாக விரியும். டைஅசிட்டைல் என்றால் வெண்ணெய் இன்னும் தூக்கலாகும், நாக்கில் நெய் தடவியது போல ஒரு வழுவழுப்பும் நிற்கும்.

மக்காச்சோளம் அடுப்படியில் நடந்த தவறு. வெளிர்நிற மால்ட்டை மிதமான சூட்டில்தான் உலர்த்துகிறார்கள். அதனால் அதில் தங்கும் ஒரு கந்தகச் சேர்மம், கொதிக்கும்போது டைமெத்தில் சல்பைடாக மாறும். 60 முதல் 90 நிமிடம் தளதளவென்று கொதித்தால் ஆவியோடு போய்விடும். மூடிபோட்டுக் கொதித்தாலோ, கொதித்த பிறகு ஆறவைக்கத் தாமதித்தாலோ போகாது. மிக லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே சோளம் என்று தெரிந்தால் அது குறைதான்.

தீக்குச்சி உரசியது போன்ற மெல்லிய கந்தக வாசத்தை மட்டும் குறையில் சேர்க்காதீர்கள். அது லாகர் ஈஸ்ட்டின் இயல்பு, சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

காரம் மசாலா தூக்கலான குழம்பில் காய் முற்றலா என்று தெரியாது. தெளிந்த ரசத்தில் புளி சரியில்லையென்றால் முதல் வாயிலேயே தெரியும். ஹெல்லஸ் அந்த ரசம். மியூனிக் தண்ணீரில் கார்பனேட் அதிகம், அது ஹாப்ஸின் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பை முரடாக்கும். அந்த ஊர் நெடுங்காலம் கருத்த பியருக்கே பேர்போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1842-இல், இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் நகரில் பொன்னிற பியர் பிறந்து, அது பரவிய பிறகு, 1894-இல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ப்ரூவரி ஹெல்லஸை இறக்கியது. ஹெல்லஸின் கசப்பு 16 முதல் 22 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு), அவ்வளவுதான். பில்சன் பியரின் வழிவந்த ஜெர்மன் பில்ஸில் அது 22-லிருந்து 40 வரை போகும்.

இனி அந்தச் சுவை பிடிபடாத கிளாஸ். அதைக் கடும் குளிரில் குடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 4 டிகிரியில் வாசம் எழும்பாது. 7 முதல் 9 டிகிரிக்கு வரும்வரை சற்றுப் பொறுங்கள். கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுரை எழுப்புங்கள். உள்பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. நுரை சீக்கிரம் செத்துவிடும், வேறு கிளாஸ் கேளுங்கள். வெயிலிலும் வைக்காதீர்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளிபட்டால் நிமிடக் கணக்கில் நாறத் தொடங்கும். பியர் தோட்டங்களில் செஸ்ட்நட் மரங்களை நட்டது நிலவறை குளிர்ந்திருக்கத்தான், ஆனால் அந்த நிழல் உங்கள் கிளாஸுக்கும் நல்லது.

முதல் மடக்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், அது வாயைக் கழுவ. இரண்டாவது மடக்கை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வெள்ளை ரொட்டியின் உட்பகுதி, ஒரு துளி தேன், பின்னால் மூலிகை போல ஹாப்ஸ் வரும். கசப்பு கடைசியில் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். கசப்பு போன பிறகும் பாக்கு மென்றது போல வாய் வறண்டு இழுத்தால் அது துவர்ப்பு. இரண்டையும் தனித்தனிச் சுவையாக எண்ணிப் பழகியவர்கள் நாம், அது இங்கே கைகொடுக்கும். 77 டிகிரிக்கு மேல் சூடான நீரில் மால்ட்டை அலசினால் உமியின் டானின் இறங்கி இப்படி ஆகும்.

அடுத்த முறை ஒரு ஹெல்லஸும் ஒரு பில்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வாங்குங்கள். ஹெல்லஸை முதலில் குடியுங்கள். பில்ஸ் நாக்கில் ஏறிவிட்டால் ஹெல்லஸ் வெறும் தண்ணீராகத் தோன்றும்.