பழைய ஏடிவியில் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்தால் நான்கு ஆக்ஸிலையும் மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: 4,000 டாலருக்கு வாங்கிய பழைய 500 சிசி ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் சிறிய நான்கு சக்கர வண்டி), திரும்பும்போது முன்பக்கம் டக் டக் என்று சத்தம், கொண்டுபோய்க் காட்டிய பட்டறையில், சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளான ஆக்ஸில் நான்கையும் மாற்றச் சொல்லி வரியோடு 2,400 டாலர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா, வண்டியையே தள்ளிவிடலாமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் ஆக்ஸில் முனைகளில் இருக்கும் மூட்டுகளில், அதாவது ஜாயின்டுகளில், எது போயிருக்கிறது என்று பாருங்கள். ஒன்டாரியோவில் பீட்டர்பரோவுக்கு வடக்கே எங்கள் வீட்டு வழியில் பனி தள்ளுவதற்கும் விறகு இழுப்பதற்கும் இதே மாதிரி ஒரு வண்டியைத்தான் ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். இதே சத்தம் எனக்கும் வந்தது. முன்பக்கம் இரண்டு ஆக்ஸிலுக்கு மட்டும் 1,100 டாலர் கேட்டார்கள். கடைசியில் தேய்ந்திருந்தது ஒரே ஒரு ஜாயின்ட்தான்.

நான்கு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்கும் ஏடிவியில் நான்கு அரை ஆக்ஸில்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மொத்தம் எட்டு சிவி ஜாயின்ட். சக்கரம் மேலே கீழே ஆடினாலும் பக்கவாட்டில் திரும்பினாலும் எஞ்சினின் சுழற்சி சீராகப் போய்ச் சேர்வது இவற்றால்தான். வெளி ஜாயின்டின் உள்ளே ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும். அந்தக் குண்டுகளையும் கிரீஸையும் காப்பாற்றுவது மேலே மாட்டியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. பட்டறையில் பூட் என்பார்கள்.

பெரும்பாலும் முதலில் போவது பூட்தான், ஜாயின்ட் இல்லை. ஒரு குச்சி குத்தும், அல்லது குளிரில் ரப்பர் விறைத்து மடிப்பில் வெடிக்கும். சக்கரம் சுற்றும்போது அந்த வெடிப்பு வழியாகக் கிரீஸ் வெளியே தெறிக்கும், சேறும் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் குண்டுகள் மணலில்தான் உருளும். நான் நவம்பரில் கிழிசலைப் பார்த்தேன். பனி முடியட்டும் என்று விட்டேன். மார்ச்சில் டக் டக் ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே 35 டாலர் பூட் கிட் ஒன்று வாங்கிப் போட்டிருந்தால் அந்த ஜாயின்ட் பிழைத்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, நான்கு சக்கர இயக்கத்தில் மெதுவாக ஓட்டும்போது மட்டும் சத்தம் வந்தால் வெளி ஜாயின்ட்மேல் சந்தேகப்படுங்கள். முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது ஒரு தரம் 'டங்' என்று அடித்தால் உள் ஜாயின்டாக இருக்கலாம். இரண்டு சக்கர இயக்கத்தில் நேராகப் போகும்போதும் முன்பக்கம் உறுமல் கேட்டால் அது வீல் பேரிங்காக (சக்கரம் உராயாமல் சுழல உதவும் குண்டு வளையம்) இருக்க வாய்ப்பு அதிகம், ஆக்ஸிலுக்குப் பணம் கொட்டியும் சத்தம் போகாது.

பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே கை விடாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அது பால் ஜாயின்ட் (சக்கரப் பகுதியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது பேரிங். இடமும் வலமும் ஆட்டினால் தெரிகிறதா? ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் கம்பியான டை ராடின் முனையைப் பாருங்கள். இவை இரண்டும் இறுக்கமாக இருந்தால், ஒரு கையால் ஆக்ஸில் தண்டையும் இன்னொரு கையால் ஜாயின்டின் கிண்ணத்தையும் (குண்டுகளை மூடியிருக்கும் வெளிக்கூடு) பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். மிகச் சிறிய அசைவு சகஜம். கடகடவென்று இடம் விட்டு அடித்தால் தேய்ந்துவிட்டது. கிழிந்த ரப்பர் உறைக்குள் விரலை விட்டுக் கிரீஸைத் தேய்த்துப் பாருங்கள். மணல் போல நரநரத்தாலோ வெயிலில் காட்டும்போது இரும்புத் துகள் மினுங்கினாலோ அந்த ஜாயின்டுக்குப் பூட் மாற்றிப் பயனில்லை. என் வண்டியில் இடப்பக்க வெளி ஜாயின்ட் அப்படித்தான் மினுங்கியது. வலப்பக்கம் பூட் கிழிந்திருந்தும் கிரீஸ் சுத்தமாக இருந்தது. அதனால் ஒரு பக்கம் முழு ஆக்ஸில், மறுபக்கம் பூட் மட்டும்.

விலையைப் பொறுத்தவரை, வண்டிக் கம்பெனியின் அசல் ஆக்ஸில் எனக்குச் சொன்னது 400 டாலருக்கு மேல். வேறு நிறுவனங்கள் செய்வது 100 முதல் 180 வரை கிடைத்தது. முதலில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன். 14 மாதத்தில் அதன் ரப்பர் வெடித்துவிட்டது. இரண்டாவது தடவை, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் அசல் ஆக்ஸில் ஒன்றை 120 டாலருக்கு எடுத்து, புது ரப்பர் உறையும் புது கிரீஸும் போட்டேன். அது இன்னும் ஓடுகிறது. ஆக, உங்களுக்கும் பழைய அசலைத்தான் சொல்வேன், முறுக்கிப் பார்த்து ஆட்டமில்லாமல் இருந்தால். கிரீஸ் மாலிப்டினம் கலந்த சிவி கிரீஸாக இருக்கட்டும்.

வேலையைப் பக்கத்துப் பண்ணைக்காரர் கூட இருந்து சொல்லிக்கொடுத்தார், ஒரு மதியம் ஆனது. நட்டு கழலாமல் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை எடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்ஸில் முனையிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் காலிப்பரை (பிரேக் கட்டையை அழுத்தும் பாகம்) கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், அதன் ஹோஸில் தொங்க விடாதீர்கள். உள் முனை டிஃபரென்ஷியலில் (சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் பெட்டி) சர்க்லிப் என்ற ஒரு வளையக் கிளிப்பால் பிடித்திருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் ஜாயின்ட் கழன்று கையோடு வந்துவிடும், கிண்ணத்துக்குப் பின்னால் லிவர் வைத்து நெம்ப வேண்டும். புது சர்க்லிப் போடுங்கள், ஆயில் சீலைக் கீறாமல் உள்ளே தள்ளுங்கள், ஒழுகிய ஆயிலை நிரப்புங்கள். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும்.

கை வராது என்றால் தேய்ந்த ஆக்ஸில் எது என்று நீங்களே குறித்துக்கொண்டு, அதை மட்டும் மாற்ற என்ன ஆகும் என்று வேறு இரண்டு இடங்களில் கேளுங்கள். கழற்றும் பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. முன் சொந்தக்காரர் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டோ அளவுக்கு மீறிய பெரிய டயரோ போட்டிருக்கிறாரா? இருந்தால் ஜாயின்ட் எப்போதும் அதிகக் கோணத்தில் வேலை செய்யும், புதிது போட்டாலும் சீக்கிரம் போகும். அதைப் பழைய அளவுக்கு இறக்கிய பிறகு ஆக்ஸில் வாங்குங்கள். பனி தள்ளும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடி ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீர்கள், கிழிந்த பூட்டோடு எனக்குச் சீக்கிரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு எட்டில் எது ஆடுகிறது என்று கீழே எழுதுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன்.